கைம்மாறு எதிர்பாராமல் நன்மை செய்யச் சொல்கிறதே கிறிஸ்தவம், ஏன்?

உதவும்போதே "இவரால் நமக்கு என்ன திரும்பி வரும்?" என்று கணக்குப் போடாமல் இருப்பதுதான் இது. பைபிளின் லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இயேசு விருந்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: பணக்கார அயலாரைக் கூப்பிட்டால் அவர்களும் பதிலுக்குக் கூப்பிடுவார்கள், கணக்கு தீர்ந்துவிடும். ஏழைகளையும் பார்வையற்றோரையும் கூப்பிடு. அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது.

நம்ம ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதியது ஒருநாள் திரும்பி வந்தாக வேண்டும் (வராவிட்டால் உறவே முறியும்!). இயேசு கேட்பது பெயர் எழுதாத மொய். கடவுளின் அன்பு தகுதி பார்க்காமல் கிடைத்தது, அதைப் பெற்றவர் பிறருக்கு விலை வைக்கக் கூடாது என்பதே காரணம்.

சரி, இப்படி நன்மை செய்து மீட்பை, அதாவது பாவத்திலிருந்து விடுதலையை, சம்பாதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மீட்பு செயல்களால் அல்ல, கிருபையால் (கடவுள் தகுதி பார்க்காமல் தரும் கொடையால்) வருவது என்கிறது பைபிளின் எபேசியர் நிருபம் 2:8-9.