பழைய பருத்திக் காடு: ஆர்கானிக் பண்ணைக்கு வாங்கலாமா?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் 3 ஏக்கர் விலைக்கு வருகிறது. 1970களிலிருந்து பருத்தி போட்ட காடு, இப்போது 5 வருடமாகத் தரிசு. "மருந்து வாசமே இல்லாத மண்" என்கிறார் தரகர். மண்வள அட்டையும் நன்றாக இருக்கிறது. பரங்கி, வெள்ளரி, நிலக்கடலை போட்டு ஆர்கானிக் என்று விற்க ஆசை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள்.

மண்வள அட்டையில் இருப்பது கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் என 12 விவரங்கள். பூச்சிமருந்து எச்சம் அதில் கிடையாது. பருத்திக்கு அந்தக் காலத்தில் டிடிடி, பிஎச்சி பொடி என்ற பூச்சிமருந்துகளைத் தாராளமாக அடித்தார்கள். டிடிடியை விவசாயத்தில் 1989-லும், பிஎச்சியை 1997-லும் தடை செய்தார்கள். அப்புறம் எண்டோசல்பான், அது 2011 வரை கடைகளில் கிடைத்தது. டிடிடி மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 வருடம் பிடிக்கும். அது சிதைந்து உண்டாகும் டிடிஇயும் லேசில் அழியாது. 5 வருடத் தரிசை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. கரீபியனில் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1993-லேயே நிறுத்திய குளோர்டெக்கோன் என்ற பூச்சிமருந்து, இன்றும் அங்கே விளையும் சேப்பங்கிழங்கிலும் சர்க்கரைவள்ளியிலும் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பயிர்கள்தான். இந்த வகை எச்சங்களை மண்ணிலிருந்து உறிஞ்சுவதில் பரங்கி, வெள்ளரிக் குடும்பம் மற்ற பயிர்களைவிட முன்னால் நிற்கிறது. ஜப்பானில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை நிறுத்திப் பல பத்தாண்டுகள் கழித்தும் வெள்ளரிக்காயில் அது அகப்பட்டது. வேர் வழியாக உள்ளே போனதைக் கழுவி எடுக்க முடியாது. நிலக்கடலையோ மண்ணுக்குள்ளேயே விளைகிறது, எண்ணெய்ச்சத்தும் உள்ளது. இந்த மருந்துகள் கொழுப்பில்தான் சேரும்.

ஆர்கானிக் சான்றுக்கு ஓராண்டுப் பயிர் என்றால் 2 வருட மாற்றுக் காலம் கேட்பார்கள். அது பெரும்பாலும் நீங்கள் எப்படிப் பயிர் செய்கிறீர்கள் என்பதற்கான சான்று. முன்பு அடித்த மருந்து அந்த 2 வருடத்தில் போய்விடாது.

சரி, என்ன செய்யலாம்? வில்லங்கச் சான்று எடுக்கும்போதே மண்ணையும் எச்சப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் கேட்டுப் பாருங்கள். "ஆர்கனோகுளோரின் எச்சம் பார்க்க வேண்டும்" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்; டிடிடி, பிஎச்சி எல்லாம் இந்த வகை மருந்துகள்தான். சாதாரண மண் பரிசோதனையைவிடச் செலவு பல மடங்கு. நிலத்தின் விலைக்கு முன்னால் அது பெரிதில்லை. காட்டில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்துக் கலந்து ஒரு மாதிரி. மருந்து கலக்கிய கிணற்றடி, மோட்டார் ரூம் பக்கம் தனியாக இன்னொன்று. பழைய உரச் சாக்கில் மட்டும் அள்ளாதீர்கள்.

எச்சம் அதிகம் என்று வந்தால் பரங்கியையும் கடலையையும் விட்டுவிடுங்கள். மரப்பயிர் யோசிக்கலாம், விலையையும் குறைத்துக் கேட்கலாம். அந்தக் காட்டில் மாடு மேய்க்க வேண்டாம். புல்லோடு மண்ணும் உள்ளே போகும், எச்சம் பாலின் கொழுப்பில் வந்து சேரும்.