போன் கம்பெனியை விற்ற பிறகும் ஆணையம் எதற்கு?

கேள்வி: அரசு டெலிபோன் கம்பெனியைத் தனியாருக்கு விற்றாயிற்று. யார் வேண்டுமானாலும் போட்டிக்கு வரலாம் என்றும் சொல்லியாயிற்று. அப்புறம் கம்பெனிகளுக்கு விதி போட்டுக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் எதற்கு? சந்தையே பார்த்துக்கொள்ளாதா?

பதில்: மளிகைக் கடை என்றால் பார்த்துக்கொள்ளும். எதிர்க்கடைக்காரரின் தயவு இல்லாமலே புதுக்கடை திறக்கலாம். டெலிபோனில் அது நடக்காது. எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

புதுக் கம்பெனியில் முதல் ஆளாக நீங்கள் போன் வாங்குகிறீர்கள். உங்கள் அண்ணன், ஆபீஸ், டாக்டர் எல்லோரும் பழைய கம்பெனியில். அவர்களை நீங்கள் கூப்பிட வேண்டுமானால் இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஜங்ஷன் சர்க்யூட், அதாவது பேச்சைக் கடத்தும் இணைப்பு லைன், வேண்டும். பழைய கம்பெனி 'தரமாட்டேன்' என்று வாய் திறந்து சொல்லவே வேண்டாம். நூறு கேட்டால் பத்து கொடுத்தால் போதும். கூட்ட நேரத்தில் பத்தும் நிரம்பிவிடும், உங்கள் காதில் எங்கேஜ்டு டோன். யாரைத் திட்டுவீர்கள்? புதுக் கம்பெனியைத்தான்!

நியூசிலாந்து அரசும் உங்களைப் போலத்தான் நினைத்தது. 1989-இல் போட்டிக்குக் கதவைத் திறந்தார்கள். 1990-இல் டெலிகாம் நிறுவனத்தை இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றார்கள். தனி ஆணையம் கிடையாது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போ. வந்தது. கிளியர் என்ற புதுக் கம்பெனி உள்ளூர் இணைப்பு கேட்டது. டெலிகாம் போட்ட கணக்கைப் பாருங்கள்: 'லைனுக்கு ஆகும் செலவு மட்டும் போதாது, வாடிக்கையாளர் உன்னிடம் வந்துவிட்டதால் எனக்குப் போகிற லாபத்தையும் சேர்த்துக் கட்டு.' வழக்கு அன்றைக்கு நியூசிலாந்துக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தக் கணக்கு சட்டத்துக்கு விரோதமில்லை என்று 1994-இல் தீர்ப்பானது. நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டணம் நிர்ணயிப்பது கோர்ட்டு வேலையே அல்ல. கடைசியில் 2001-இல் தனிச் சட்டம் போட்டு, அதற்கென ஓர் ஆணையரையும் நியமித்தார்கள்.

பிரிட்டன் 1984-இல் பிரிட்டிஷ் டெலிகாமை விற்கும்போதே ஆஃப்டெல் என்ற ஒழுங்குமுறை அமைப்பை வைத்துக்கொண்டது. போட்டிக்கு வந்த மெர்குரி கம்பெனியின் இணைப்புத் தகராறில் மறு வருடமே அது விதிமுறை வகுத்துவிட்டது. ஆனால் 1991 வரை அந்த ஒரே போட்டியாளருக்கு மட்டும் இடம் விட்டார்களே, அது என் கணக்கில் பெரிய தப்பு. இரண்டு பேர் மட்டும் இருந்தால் சண்டையை விட சமாதானம்தான் லாபம்.

கேள்வி: சரி, போட்டி வேரூன்றியதும் ஆணையத்தை மூடிவிடலாமா?

பதில்: பாதிக் கடையை மூடலாம். வாடிக்கையாளர் கட்டும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைப்பது போட்டி வந்தபின் தேவையில்லை; பிரிட்டனில் 2006-இல் எடுத்தே விட்டார்கள். ஆனால் வீட்டு வாசலுக்கு வரும் லைன் இன்னும் பழைய கம்பெனியின் கையில்தானே? அதே 2006-இல் அந்த லைன்களை ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவாக்கி, சொந்தக் கம்பெனிக்குக் கொடுக்கும் அதே விலையில், அதே நிபந்தனையில் போட்டியாளருக்கும் கொடு என்று கட்டிப்போட்டார்கள். நியூசிலாந்து 2011-இல் லைன்களை சோரஸ் என்று தனிக் கம்பெனியாகவே வெட்டிப் பிரித்துவிட்டது.