ரூம்மேட் நைட்ல சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறா, வார்டன்கிட்ட சொல்லவா?

கேள்வி: ஹாஸ்டல்ல தங்கி செகண்ட் இயர் படிக்கிறேன். ரூம்மேட் பகல் பூரா டயட்னு மெஸ் பக்கமே வரமாட்டா, நைட் ஆனா பிஸ்கட், கேக், மிக்சர்னு கையில கிடைச்சதெல்லாம் காலி பண்ணிட்டு பாத்ரூம் போய் வாந்தி எடுத்துட்டு வர்றா. நாலு மாசமா பாக்குறேன். ஆளும் ஒல்லியா இல்ல. வார்டன்கிட்ட சொல்லவா?

பதில்: வார்டன் விஷயத்துக்கு அப்புறம் வரேன்மா. ஒல்லியா இல்லன்னு சொன்னீங்கள்ல, அங்கதான் எல்லாரும் ஏமாந்துடுறாங்க. இது புலிமியா மாதிரி தெரியுது, அதாவது கட்டுப்பாடில்லாம சாப்பிட்டுட்டு வாந்தி எடுத்து வெளியேத்துற வியாதி, அதுல எடை பெரும்பாலும் நார்மலாவே இருக்கும், அதனால வீட்டுலயும் கண்டுபிடிக்க மாட்டாங்க. 1979ல லண்டன்ல ஜெரால்ட் ரஸ்ஸல்னு ஒரு மனநல டாக்டர் இத தனி வியாதியா எழுதினார், வாந்தி எடுத்து எடுத்து விரல் கணுல காப்பு காய்ச்சிருக்கும்னு அவர் சொன்னத இன்னிக்கும் நாங்க கையத் திருப்பி பாக்குறோம்.

இது தீனிப்பண்டாரம்லாம் இல்ல, தயவுசெஞ்சு அப்படி கிண்டல் பண்ணாதீங்க. பகல் பட்டினிதான் நைட் அந்தப் பேய்ப்பசிய கொண்டு வருது. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல நல்லா ஆரோக்கியமா இருந்த 36 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் சாப்பாட்ட பாதியா குறைச்சுப் பாத்தாங்க, அப்புறம் சாப்பாடு குடுத்தப்போ சிலருக்கு வயிறு ரொம்பியும் நிறுத்த முடியல. அதனால நைட் ஸ்நாக்ஸ ஒளிச்சு வைக்கிறதவிட காலைல மெஸ்ஸுக்கு கூட கூட்டிட்டுப் போங்க, ரெண்டு இட்லியாச்சும் போதும்.

முதல்ல ஒரு ரத்த டெஸ்ட், அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கிடும், அதப் பாக்கணும், 3.5க்கு கீழ ரொம்ப இறங்கினா இதயத்துடிப்பே தாறுமாறாகிடும், கூடவே ஒரு ஈசிஜி. வாந்தி எடுத்தவுடனே பல் தேய்க்க வேணாம்னு சொல்லுங்க, ஆசிட்ல இளகின எனாமல் தேஞ்சுடும், வெறும் தண்ணில கொப்பளிச்சா போதும். சிபிடின்னு பேச்சு சிகிச்சை இருக்கு, ஃப்ளூவாக்ஸெடின்னு மனச்சோர்வுக்குக் குடுக்குற மாத்திரையும் உதவும், ஆனா அத டாக்டர்தான் முடிவு பண்ணணும். தயங்கினா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

பேசும்போது எடையப் பத்தி வாயே திறக்காதீங்க, இளைச்சுட்டியேன்னு பாராட்டுறதும் சேத்துதான். நேத்து பாத்ரூம்ல நீ கஷ்டப்பட்டத கேட்டேன்டி, பயமாயிடுச்சு, வா நானும் கூட வரேன் டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லுங்க, முதல் தடவ கோவப்படுவா, விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கேளுங்க.

இப்போ வார்டன். அவளுக்குத் தெரியாம போய் சொன்னா இன்னும் ஒளிஞ்சு செய்வா, அதனால இப்போதைக்கு வேணாம். ஆனா மயங்கி விழுந்தா, நெஞ்சு படபடன்னா, வாந்தில ரத்தம் வந்தா, செத்துடலாம் போலன்னு பேசினா, அவகிட்ட பர்மிஷன்லாம் கேக்காதீங்க, அந்த நிமிஷமே வார்டன எழுப்பி கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.