குழந்தைங்க புத்தகம் எழுதுறவங்க, வரையுறவங்க எல்லாம் ஆர்ட் காலேஜ்ல படிச்சவங்களா?

அக்கவுன்ட்ஸ் வேலை பாக்குறேன், 38 வயசாகுது, படக்கதை புத்தகம் பண்ணணும்னு ஆசை, ஆனா இதுல பேர் வாங்கினவங்க எல்லாம் ஓவியம் முறையா படிச்சவங்கதானே, வேற வேலையில இருக்குறவங்க வர முடியுமான்னு கேட்டிருக்கீங்க. இதே கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு நாலு வருஷம் ஒண்ணும் பண்ணாம இருந்தவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் ஓவியக் கல்லூரி பக்கமே போனதில்ல. 11 வருஷம் மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி டிசைன் பண்ணேன், மாத்திரை டப்பா, சிரப் பாட்டில் போற பெட்டி, அந்த மாதிரி. இப்ப ஏழு வருஷமா குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் போடுறேன், அதுல மூணு புத்தகத்துக்குக் கதையும் என்னோடதுதான். இந்த ஏழு வருஷத்துல எனக்குப் புரிஞ்சது ஒண்ணு. இந்தத் துறையில நாம கொண்டாடுற ஆளுங்க நிறைய பேர் வேற வேலையிலிருந்து வந்தவங்க, ஆனா அந்தப் பழைய வேலையை விட்டுட்டு வரல, கையோட எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. அது அவங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

எரிக் கார்ல்னு ஒருத்தர், பசியோட அலையுற கம்பளிப்புழு கதை பண்ணவர்னு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1929ல அமெரிக்காவுல பிறந்து, ஆறு வயசுல அப்பா அம்மாவோட ஜெர்மனி போயிட்டார். அது ஹிட்லர் காலம், நவீன ஓவியம் எல்லாம் தடை. பள்ளிக்கூடத்துல ஓவிய வாத்தியார் ஒருத்தர் அந்தத் தடை பண்ண ஓவியங்களோட பிரதிகளை இந்தப் பையனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ரகசியமா காட்டியிருக்கார், நீலக்குதிரை வரைஞ்ச ஃப்ரான்ஸ் மார்க்கோட படம் எல்லாம். இவர் ஆர்ட் படிச்சவர்தான், அதை மறைக்கல, ஆனா படிச்சு முடிச்சதும் நேரா புத்தகத்துக்கு வரல. 1952ல 40 டாலரோட நியூயார்க் திரும்பி, பத்திரிகையில கிராஃபிக் டிசைனர், அப்புறம் விளம்பர ஏஜென்சியில ஆர்ட் டைரக்டர்னு வருஷக்கணக்கா ஓட்டினார். ஒரு விளம்பரத்துக்காக அவர் பண்ண சிவப்பு சிங்கி இறால் படத்தைப் பாத்துட்டுத்தான் பில் மார்ட்டின் ஜூனியர்ங்கிற எழுத்தாளர் தன்னோட கதைக்கு இவரே படம் போடணும்னு கேட்டார். அந்தப் புத்தகம் 1967ல வந்துச்சு. விளம்பரம் இல்லன்னா அந்த இறால் இல்ல, இறால் இல்லன்னா புழுவும் இல்ல.

அந்தப் புழு எப்படி வந்துச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஃபைல்ல பேப்பர் கோக்குறதுக்கு ஓட்டை போடுவோம்ல, அந்த பஞ்சிங் மெஷின்ல ஒரு கட்டுப் பேப்பரைக் குத்திட்டு இருந்திருக்கார், ஓட்டையைப் பாத்ததும் புத்தகத்தை அரிக்கிற புழு ஞாபகம் வந்துருக்கு. முதல்ல கதை வெறும் புழுவைப் பத்திதான், கம்பளிப்புழுவா மாத்தலாமேன்னு சொன்னது எடிட்டர் ஆன் பெனடியூஸ், அப்படிச் சொன்னதும் வண்ணத்துப்பூச்சின்னு முடிவும் தானா கிடைச்சுடுச்சு. ஆனா பக்கத்துல ஓட்டை போட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அகலத்துல வெட்டி, கட்டுப்படியாகுற செலவுல அச்சடிக்க அமெரிக்காவுல ஆள் கிடைக்கல, கடைசியில ஜப்பான்ல அடிச்சு 1969ல வந்துச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. ஏன்னா டை கட்டிங், அதாவது அட்டையை அச்சு வச்சு வெட்டுறது, அப்ப நான் தினமும் பண்ணிட்டு இருந்த வேலை. இரும்புப் பட்டையை வளைச்சுக் கட்டையில பதிச்சு அட்டையை எப்படி வெட்டுவாங்க, எங்க வெட்டினா கிழியும், எங்க மடிப்புக் கோடு விழணும், எல்லாம் எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நான் இத்தனை நாளா வெறும் மாத்திரை டப்பா வேலைன்னு நினைச்சுட்டு இருந்தது ஒரு புத்தகத்தோட உயிரா இருக்க முடியுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பீட்ரிக்ஸ் பாட்டரை எடுத்துக்கங்க. முயலுக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டவர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவங்க அதுக்கு முன்னாடி காளான் ஆராய்ச்சி பண்ணவங்க. நூத்துக்கணக்குல காளான் படம் வரைஞ்சு, மைக்ரோஸ்கோப்ல வித்து முளைக்கிறதைப் பாத்து, அதைப் பத்தி ஒரு கட்டுரையும் எழுதினாங்க. 1897ல லண்டன்ல லின்னியன் சொசைட்டிங்கிற இயற்கை அறிவியல் சங்கத்துல அந்தக் கட்டுரை வந்தப்ப, பொம்பளைங்களை அந்தக் கூட்டத்துக்குள்ளயே விடமாட்டாங்க, அவங்க இல்லாமலேதான் நடந்துச்சு. முயல் கதை தொடங்கினதே ஒரு கடிதத்துல, 1893ல தன்னோட பழைய ஆசிரியையோட பையன் உடம்பு சரியில்லாம படுத்திருந்தான்னு அவனுக்குப் படம் போட்டு எழுதினது. பதிப்பாளருங்க வேணாம்னதும் 1901ல சொந்தக் காசுல 250 பிரதி அச்சடிச்சாங்க, அடுத்த வருஷம் ஒரு பதிப்பகம் எடுத்துக்கிச்சு. அந்த முயலோட பின்னங்காலை ஒரு தடவை உத்துப் பாருங்க, கோட்டுக்குள்ள இருக்குறது பொம்மை இல்ல, எலும்பும் மூட்டும் சரியா உள்ள நிஜ முயல். காளானோட செதில் ஒண்ணொண்ணா பாத்துப் பழகின கண்ணுதான் அதையும் பாத்துருக்கு.

லியோ லியோன்னி பொருளாதாரத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர், அப்புறம் ஃபார்ச்சூன்ங்கிற அமெரிக்க வணிகப் பத்திரிகைக்கு ஆர்ட் டைரக்டர். பேரப்பிள்ளைங்களை ரயில்ல கூட்டிட்டுப் போறப்ப ரெண்டும் படுத்துற பாடு தாங்காம, கையில இருந்த பத்திரிகையிலிருந்து நீலத்துல ஒரு துண்டு, மஞ்சள்ல ஒரு துண்டு கிழிச்சு வச்சுக் கதை சொல்ல ஆரம்பிச்சிருக்கார். அதுதான் 1959ல அவரோட முதல் குழந்தைகள் புத்தகம், அப்ப வயசு 49. அதுல முகம் கிடையாது, கை கால் கிடையாது, வெறும் கலர் துண்டுங்கதான். வரையத் தெரியாதேன்னு கவலைப்படுறவங்க கிட்ட நான் முதல்ல காட்டுறது இதைத்தான்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் காமிக்ஸ் புத்தகங்களுக்குப் பின்னணி வரைஞ்சுட்டு இருந்தவர். 1940ல லைஃப் பத்திரிகையில வந்த ஒரு சின்னப் பையனோட போட்டோக்களைக் கத்தரிச்சு வச்சிருந்தார், 22 வருஷம் கழிச்சு 1962ல பனியில விளையாடுற கறுப்பினப் பையன் கதையில அந்த முகம் வந்துச்சு. 22 வருஷம்ங்க.

சத்யஜித் ரேவை சினிமாக்காரரா மட்டும்தான் நிறைய பேருக்குத் தெரியும், 1943ல விளம்பரக் கம்பெனியில வேலைக்குச் சேந்தவர் அவர், புத்தக அட்டையும் குழந்தைகள் புத்தகத்துக்குப் படமும் நிறைய போட்டிருக்கார். அவங்க தாத்தா உபேந்திரகிஷோர் கதை அதைவிடப் பெருசு. தன்னோட படங்கள் அச்சுல கெட்டுப்போறதைப் பொறுக்காம, படத்தைச் சின்னச் சின்னப் புள்ளியா மாத்தி அடிக்கிற ஹாஃப்டோன் அச்சு முறையைத் தானே கத்துக்கிட்டு, சொந்த அச்சகம் வச்சு, 1913ல சந்தேஷ்னு குழந்தைகள் பத்திரிகையே ஆரம்பிச்சார். அப்பா சுகுமார் ரே இங்கிலாந்து போய் போட்டோகிராஃபியும் அச்சுத் தொழில்நுட்பமும் படிச்சவர். அந்த வீட்டுல கதை, படம், மை, மெஷின் எல்லாம் ஒரே வேலை.

முறையான படிப்பு தேவையே இல்லன்னு நான் சொல்லவரல, அது பொய். ஒரே பொண்ணை 32 பக்கத்துலயும் முன்னாடி, பின்னாடி, குனிஞ்சு, ஓடுறப்பன்னு அதே பொண்ணாவே வரைய எனக்கு ரெண்டு வருஷப் பயிற்சி ஆச்சு, காலேஜ்ல படிச்சிருந்தா சீக்கிரம் வந்திருக்கும். இன்னும் எனக்குக் கை விரல் வரையுறது கஷ்டம்தான். ஆனா எழுத மட்டும் ஆசைன்னா வரையவே வேண்டாம், நிறைய பதிப்பகங்கள்ல எழுதுறவர் வேற, வரையுறவர் வேற, அவங்களைச் சேத்து வைக்கிறது எடிட்டர்தான், சில சமயம் ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டாங்க.

வயசைப் பத்திச் சொன்னீங்க. வில்லியம் ஸ்டெய்க் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட்டா வாழ்க்கையில பாதிக்கு மேல ஓட்டிட்டு, முதல் குழந்தைகள் புத்தகம் போட்டப்ப 60 வயசு. ஷ்ரெக்னு படமா வந்துச்சுல்ல, அந்தப் பச்சை ராட்சசனோட புத்தகம் 1990ல வந்தது, அப்ப 80 தாண்டியாச்சு.

அக்கவுன்ட்ஸ் வேலைன்னு தயங்குறீங்கல்ல, உங்களுக்காகவே ஒருத்தரைக் கடைசியா எடுத்து வச்சிருந்தேன். ஜப்பான்ல மிட்சுமாசா அன்னோ, பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர். எண் சொல்லித் தர்ற புத்தகம் ஒண்ணு பண்ணார், அதுல எல்லாரும் மாதிரி 1ல ஆரம்பிக்கல, 0ல ஆரம்பிச்சார். முதல்ல வெறும் பனி மூடின நிலம், ஒரு ஆறு, வேற ஒண்ணும் இல்ல. பக்கம் திருப்பத் திருப்ப ஒரு வீடு, ஒரு மரம், அப்புறம் ரெண்டு ரெண்டுன்னு 12 வரைக்கும் ஒரு ஊரே வளருது, கூடவே மாசமும் மாறுது. ஒண்ணும் இல்லாததைக் குழந்தைக்குக் காட்டணும்னு தோணுச்சு பாருங்க, அது எண்ணோட பழகினவங்களுக்குத்தான் தோணும். இப்படி உங்க லெட்ஜர்லயும் ஏதோ ஒண்ணு இருக்கும், எனக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

நான் எப்படி ஆரம்பிச்சேன்னா, எட்டு ஏ4 பேப்பரைப் பாதியா மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நடுவுல பின் அடிச்சேன், 32 பக்கம் வந்துடும். பெரிய தாள்ல ரெண்டு பக்கமும் அடிச்சு மடிச்சா பக்கங்கள் 16, 16ஆத்தான் வரும், அதனாலதான் படக்கதை பெரும்பாலும் 32 பக்கம். இதை டம்மின்னு சொல்லுவோம், குச்சி மனுஷங்களா வரைஞ்சாலே போதும். என் முதல் புத்தகத்துல ரெண்டு பக்கம் சேந்த படத்துல பொண்ணோட முகத்தை நட்ட நடுவுல வச்சுட்டேன். பின் அடிச்ச டம்மி நல்லா விரிஞ்சதால தெரியல, பசை போட்டு ஒட்டின பைண்டிங்ல புத்தகம் வந்தப்ப மூக்கு மடிப்புக்குள்ள போயிடுச்சு. பெட்டி மடிப்புல ஒரு எழுத்துகூட விழாம 11 வருஷம் காவல் காத்த எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. இப்ப எந்த டம்மி பண்ணாலும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் பென்சில்ல கோடு போட்டுட்டுத்தான் வரையத் தொடங்குறேன்.

டம்மி முடிஞ்சதும் ஒரு குழந்தை கிட்ட கொடுத்து, நீங்க வாசிங்க, பக்கத்தை அது திருப்பட்டும். போன மாசம் என் புது டம்மியை ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு கிட்ட கொடுத்தேன். 14ஆம் பக்கம் நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள திருப்பிட்டா, அங்க நாலு வரி அதிகம். 20ல நின்னுட்டா, பக்கத்தைப் பின்னாடி திருப்பி "அந்தப் பூனை எங்க போச்சு"ன்னா. எனக்கு அந்தப் பூனை ஞாபகமே இல்ல, 18ல ஓரமா சும்மா ஒண்ணு வரைஞ்சு வச்சிருந்தேன். இப்ப 14ல நாலு வரியை எடுத்துட்டேன், பூனைக்கு ஒவ்வொரு பக்கத்துலயும் இடம் தேடிட்டு இருக்கேன்.