கிழித்துத் தொங்கவிடும் சினிமா விமர்சனங்களை ஏன் ரசித்துப் படிக்கிறோம்?

ஒரு படத்தின் குறைகளைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் போட்டு உடைக்கும் எழுத்தையே கடும் விமர்சனம் என்கிறோம். புகழும் சொற்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். 'அருமை', 'அபாரம்' என்பதற்கு மேல் பலருக்கு ஓடாது. குறை சொல்வதென்றால் காட்சி காட்சியாகக் காரணம் காட்டியாக வேண்டும். எழுத்து கூர்மையாவது அங்கேதான். கூடவே, டிக்கெட் வாங்கி ஏமாந்த நம் எரிச்சலுக்கு வார்த்தை கிடைத்த நிம்மதியும் சேர்கிறது. கிரிக்கெட்டில் பிடித்த கேட்ச்களைவிடக் கோட்டைவிட்ட ஒன்றைத்தானே நாள் முழுக்கப் பேசுகிறோம்!

1975இல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், தனக்குப் பிடிக்காத படங்களின் விமர்சனங்களைத் திரட்டி 2000இல் புத்தகமாகவே வெளியிட்டார்.

கடுமையாக எழுதுபவர் சினிமாவை வெறுப்பவர் என்று நினைப்பது தவறு. இதே ஈபர்ட், தான் நேசித்த மகத்தான படங்களைப் பற்றியும் தொகுதி தொகுதியாக எழுதியிருக்கிறார்.