டிராக்டரில் பாக்ஸ் பிளேடு மாட்டி வயலைச் சமன் செய்தால் அலை அலையாக வருகிறது. என்ன தவறு செய்கிறேன்?

'அலை அலையாக' என்று நாகரிகமாக எழுதியிருக்கிறீர்கள். என் வயலுக்கு ஊரில் வைத்த பெயர் 'சிமெண்ட் ஷீட்டு'.

வீடியோவில் எவனோ ஒரு கையில் காபியோடு ஒரே ஓட்டத்தில் தரையைக் கண்ணாடி மாதிரி ஆக்குவதைப் பார்த்துவிட்டு நீங்களும் இறங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நஞ்சை, ஏறக்குறைய ஒரு ஏக்கர். பட்டறையில் சொல்லி ஆறடிக்குப் பெட்டி பிளேடு அடித்துக்கொண்டேன். சாதா பிளேடில் மண் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். பெட்டிக்குப் பக்கத் தகடு இருப்பதால் மேட்டில் வழித்த மண் உள்ளேயே நிற்கும், பள்ளம் வந்ததும் தானாகக் கொட்டும். யோசனை சரிதான். ஓட்டியவன்தான் சரியில்லை.

நாலு நாள் ஓட்டினேன். மேடு வந்தால் பிளேடை ஏற்றி இறக்கும் லிவரை இறக்குவேன், பள்ளம் வந்தால் தூக்குவேன். தண்ணீர் விட்டதும் வயல் முழுக்க அடிக்கொரு வரி. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "ஏன்டா, லிவரை ரேடியோ மாதிரித் திருகிக்கிட்டே இருக்கே?" என்றார். அவர் சொன்னது அன்றைக்குக் கோபமாக இருந்தது. தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகு அவரே ஏறி ஓட்டிக் காட்டினார். தோளில் கிடந்த துண்டை லிவர் மேல் போட்டு மூடிவிட்டார், அவ்வளவுதான் பாடம்.

காரணம் இதுதான். பிளேடு பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேடு இறங்கி வெட்டும். பின் சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடு மேலே போய் மண்ணை விட்டுவிடும். ஆக ஒரு மேடு தனக்குப் பின்னால் இன்னொரு மேட்டைப் போட்டுக்கொண்டே போகும். இதில் நம் கையும் அரை நொடி தாமதமாகப் புகுந்தால் அலை இரண்டு மடங்கு. அதனால் லோ கியரில், ஒரு விரல் கனத்துக்கு மட்டும் வெட்டும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த ஓட்டம் முதல் ஓட்டத்துக்குக் குறுக்கே, அதற்கடுத்தது மூலைக்கு மூலை. வந்த தடத்திலேயே திரும்பத் திரும்பப் போனால் அலை ஆழமாகும், அழியாது.

டிராஃப்ட் லிவர் வேலை செய்துகொண்டிருந்தால், பளு ஏறும்போதெல்லாம் ஹைட்ராலிக் தானாகவே பிளேடைத் தூக்கும். அதை நிறுத்திவிட்டு, பிளேடை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லிவரில் மட்டும் ஓட்டுங்கள். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டிராக்டரையும் பிளேடையும் மேலே இணைக்கும் தண்டுதான் டாப் லிங்க். அதைக் குறுக்கினால் மூக்கு குத்தி வெட்டும், நீட்டினால் பின் விளிம்பு இழுத்துத் தடவிவிடும். வெட்டு முடிந்த பிறகு இரண்டு சுற்று நீட்டிக்கொண்டு கடைசி ஓட்டம் போங்கள். எனக்கு ஒரு பக்கம் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. பிளேடின் இடது வலது சாய்வைச் சரிசெய்யும் லெவலிங் ராடை அரை நாள் திருகினேன். கடைசியில் பார்த்தால் வலது பின் டயரில் காற்று குறைவு.

டாப் லிங்க் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பிளேடை இரவல் கேட்பவர்கள் திருப்பித் தரும்போது, டாப் லிங்கை மாட்டும் 'பின்' என்கிற இரும்பு முளையையும் சேர்த்துத் தர மாட்டார்களா? மூன்று முறை புதிதாக வாங்கிவிட்டேன். ஒரு தடவை ஆணியை வளைத்துச் செருகி அனுப்பியிருந்தார்கள். கேட்டால், "ஒரு பின்னுக்கா மாப்ளே?" என்கிறார்கள். ரோட்டில் போகும்போது பிளேடு கழன்று விழுந்தால் யார் பதில் சொல்வது?

சரி. 'லேசர் லெவலர் இருக்கும்போது இது எதற்கு' என்று கீழே யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. முக்காலியில் லேசரை நட்டுவிட்டால் பிளேடின் ஏற்ற இறக்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், எந்தக் கையும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறக்கிற செய்தி வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அது வேண்டும். மூன்று மா வைத்திருப்பவன் வரிசையில் கடைசி.

களிமண் என்றால் ஈரம் பார்த்து இறங்குங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். ஏக்கருக்கு ஒரு அங்குலம் மண் என்றாலே 3,630 கன அடி, அதாவது 36 யூனிட். பெரிய மேடாக இருந்தால் இரண்டு மூன்று பட்டமாகக் குறையுங்கள். ஒரேயடியாக வெட்டினால் அடிமண் வெளியே வந்து, அந்த இடத்தில் பயிர் மஞ்சளித்து நிற்கும்.

முடிந்ததா என்று பார்க்கத் தண்ணீர்தான் மட்டம். மடையைத் திறந்து கணுக்கால் நனையாத அளவுக்கு விட்டு, தலை நீட்டும் மேட்டில் எல்லாம் ஒரு குச்சி நடுங்கள். எனக்கு முதல் தடவை பதினேழு குச்சி. போன பட்டத்தில் நாலு. வடகிழக்கு மூலை மட்டும் இன்னும் அடங்கவில்லை, அங்கே வைக்கோல் போர் போட்டுவிட்டேன்.