யுனிவர்சிட்டில பாடம் நடத்துறவங்க ஏஐயை நியாயமா யூஸ் பண்றது எப்படி?

பசங்க சாட்ஜிபிடில எழுதி அசைன்மென்ட் குடுக்குறாங்க, வாத்தியாருங்களும் கேள்வித்தாளுக்கு அதைத்தான் தேடுறாங்க, இதுல எதுவரைக்கும் சரின்னு கேட்டிருக்கீங்க. நானும் பாடம் எடுக்குற ஆள்தான், அதனால உறுதியா ஒண்ணு சொல்றேன், ஏஐ எழுதுனதான்னு கண்டுபுடிக்கிற டிடெக்டர் சாஃப்ட்வேர் காட்டுற பர்சன்டேஜை மட்டும் வச்சு எந்தப் பிள்ளைக்கும் மார்க்கைக் குறைக்காதீங்க.

சாட்ஜிபிடியை உருவாக்குன ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டாங்க, அவங்க டெஸ்ட்லயே ஏஐ எழுதுனதுல 26 சதவீதத்தைத்தான் அது புடிச்சுது, மனுஷங்க எழுதுனதுல 9 சதவீதத்தை ஏஐன்னு சொல்லிடுச்சு, ஜூலைல அவங்களே அதை நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல ஏழு டிடெக்டரை வச்சுப் பார்த்தப்போ, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்கிற இங்கிலீஷ் தேர்வுல எழுதுன கட்டுரைகள்ல சராசரியா 61 சதவீதத்தை ஏஐ எழுதுனதுன்னு சொல்லியிருக்கு. அடுத்த வார்த்தை என்ன வரும்னு சுலபமா ஊகிக்க முடிஞ்சா டிடெக்டருக்குச் சந்தேகம் வந்துடும், அப்போ எளிமையா, பாதுகாப்பா எழுதுற பிள்ளைங்கதான் மாட்டும். இது பெரிய அநியாயம்.

சந்தேகமா இருந்தா கூப்பிட்டு உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் பேசுங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல ஒண்ணைக் காட்டி, இந்தப் பேப்பரைத் திறந்து காட்டுப்பான்னு கேளுங்க. ஏஐ குடுக்குற ரெஃபரன்ஸ்ல ஆத்தர் பேரு, ஜர்னல், வருஷம், பக்க நம்பர் எல்லாம் பக்காவா இருக்கும், ஆனா தேடுனா பல நேரம் அப்படி ஒரு பேப்பரே இருக்காது. நான் இதையே அசைன்மென்ட்டா குடுக்குறேன், ஏஐகிட்ட ஒரு பதில் வாங்கி ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் லைப்ரரில தேடிப் பாருங்க, எது நெஜமாவே இருக்கு, எது இருந்தும் அந்த விஷயத்தைச் சொல்லவே இல்லைன்னு குறிச்சுட்டு வாங்கன்னு. இந்த ரெண்டாவது வகையைக் கண்டுபுடிக்கத்தான் பேப்பரை முழுசா படிச்சாகணும், எனக்கு வேண்டியதும் அந்தப் படிப்புதான்.

நம்ம பக்கமும் நேர்மை வேணும்ல. கேள்வித்தாளுக்கு ஏஐ ஹெல்ப் எடுத்தா கிளாஸ்ல சொல்லிடுங்க. பசங்க பேப்பரைப் பேரு, ரோல் நம்பரோட எந்த ஏஐலயும் பேஸ்ட் பண்ணாதீங்க, அது அவங்க எழுத்து. மார்க்கை மட்டும் நீங்களே படிச்சுப் போடுங்க. எந்த அசைன்மென்ட்டுக்கு ஏஐ ஓகே, எதுக்குக் கூடாதுன்னு செமஸ்டர் ஆரம்பத்துலயே எழுத்துல குடுத்துடுங்க, காசு கட்டுற வெர்ஷன் எல்லார்கிட்டயும் இருக்காது, அதனால ஓகேன்னு சொன்ன எடத்துலயும் ஃப்ரீ வெர்ஷன்ல முடியுற மாதிரிதான் வேலை குடுக்கணும்.